ஒரு நாள் முழுக்கச் சேர்த்த நீர்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நீ கூப்பிட்டபோதெல்லாம் லிஃப்ட் குழிக்குள் வேலையாக இருந்தேன் என்று எழுதினால் நம்பிவிடுவாய். பாதி உண்மைதான். மீதிப் பாதி, உன் பெயர் திரையில் தெரிந்ததுமே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஸ்பானரைத் தேடுகிற மாதிரி நடித்தேன். கூட வேலை பார்க்கிறவன், "யாருப்பா, இப்படி ஓடி ஒளியறே?" என்று கேட்டான். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

இரண்டு கிட்னியும் போய் வாரத்தில் மூன்று நாள் அந்த டயாலிசிஸ் மெஷினோடு கிடக்கிறாய். மச்சானுக்குச் சர்க்கரை, அவரால் தர முடியாது. ரத்தம் ஒத்துப்போனது எனக்கும் உன் மகளுக்கும்தான். சின்னப் பெண், அவளைத் தொடவே கூடாது என்று நீ முதலிலேயே சொல்லிவிட்டாய். ஆக நான் வந்தேன். உன் வீட்டில் தங்கினேன், ஊசி குத்திக்கொண்டேன், ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். எல்லாம் பாஸ். கடைசியில் மூத்திரத்தில் ஃபெயில் ஆகிவிட்டேன். இதை வெளியே யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த கேனை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. ஒரு நாள் முழுக்கப் போவதை ஒரு சொட்டு விடாமல் அதில் பிடிக்க வேண்டும் என்றார்கள். நீ கொஞ்சமும் கூச்சப்படாமல் அதை வாங்கி ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். மறுநாள் ஜவுளிக்கடைப் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டு அம்மா பையை எட்டிப் பார்த்து, "எண்ணெயா தம்பி? நல்ல நிறமா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். வீட்டிலேயே ஆட்டினது என்றேன்.

டாக்டர் சொன்னதை மறக்க முடியவில்லை. "நாம சாப்பிடற கால்சியத்துல மூணுல ஒரு பங்கைக்கூட குடல் முழுசா எடுத்துக்காது. மீதி மலத்தோட போயிடும். உள்ள போனதைக் கிட்னி வடிகட்டும், வடிகட்டினதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் திரும்ப ரத்தத்துக்கே கொடுத்துடும். உங்களுது கண்டபடி வெளிய விடுது. இப்படி விட்டா கல்லு வரும். கல்லு வரக்கூடிய ஆள்கிட்ட ஒண்ணை எடுத்துட்டு ஒண்ணோட அனுப்ப எங்களால முடியாது." உப்பு நிறையச் சாப்பிடுவீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம் என்றார். பக்கத்தில் நின்ற நீ, "வேண்டாம் டாக்டர், அவனை விட்டுடுங்க" என்றாய். நானும் சரி சரி என்று தலையை ஆட்டினேன்.

இங்கே வந்ததும் பாலை நிறுத்திவிட்டேன். பிள்ளைகளுக்கும் நிறுத்தச் சொல்லிவிட்டேன், என் ரத்தம்தானே அவர்களுக்கும். சின்னவள் காலி டம்ளரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். என்ன செய்ய. உன் முகத்தில் எப்படி முழிப்பது என்றே தெரியவில்லை.

தம்பி

&nbsp;

மார்ச் 11

டேய் தம்பி,

உன் கடிதத்தை மெஷினில் கிடந்தபடி படித்தேன். "வீட்டிலேயே ஆட்டினது" என்ற இடத்தில் சிரித்த சிரிப்பில் ஊசி குத்திய கை ஆடி, அலாரம் அடித்து, நர்ஸ் ஓடி வந்து திட்டினாள். "என்னம்மா, காதல் கடிதமா?" என்றாள். மூத்திரக் கடிதம் என்று சொன்னால் நம்புவாளா?

முதலில் பாலை நிறுத்தியதைச் சொல். யார் உன்னை நிறுத்தச் சொன்னது? சாப்பாட்டில் இருக்கிற கால்சியம் குடலிலேயே கல்லுக்குக் காரணமான ஆக்சலேட் என்கிற சரக்கைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடுமாம். அதை நிறுத்தினால் அந்தச் சரக்குதான் நேராகக் கிட்னிக்குப் போகும். இங்கே சாப்பாட்டுக் கணக்கு சொல்லித் தரும் டயட்டீஷியன் பெண் சொன்னது இது. இன்றைக்கே பிள்ளைகளுக்குப் பால் கொடு. நீயும் குடி. உனக்குக் கல்லும் வராது மண்ணும் வராது. நான் சொல்கிறேன், கேள்.

உனக்காவது வெளியே போகிறது. எனக்கு வாசலே கிடையாது. போன மாதம் வயிற்றெரிச்சல் என்று மச்சான் குடிக்கிற வெள்ளை மருந்தை இரண்டு நாள் குடித்தேன். அதில் மெக்னீசியமாம். நல்ல கிட்னியாக இருந்தால் வேண்டாததை அன்றைக்கே வெளியே தள்ளிவிடும், குறைந்துபோனால் ஒரு சொட்டும் விடாமல் பிடித்தும் வைத்துக்கொள்ளும், அத்தனை சாமர்த்தியம். என்னிடம் வந்தது அப்படியே தங்கிவிட்டது. தையல் மெஷினை மிதிக்கக் கால் எழும்பவில்லை. நாக்கு குழறியது. ஜாக்கெட் தைக்கக் கொடுத்த அம்மா நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்து, துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடை வாசலில் நாலு பேர் பார்த்தார்கள். கூனிக் குறுகிப் போனேன். கால்சியம் கதை வேறு. கிட்னி பக்குவப்படுத்தித் தரவேண்டிய வைட்டமின் இல்லாததால் குடல் அதை எடுத்துக்கொள்வதில்லை, ரத்தம் எலும்பைச் சுரண்டித் தின்கிறது. ஒவ்வொரு வேளை சாப்பாட்டோடும் மெல்லச் சொல்லி டப்பா டப்பாவாகக் கால்சியம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சுண்ணாம்பைத் தின்கிற மாதிரி இருக்கும்.

இன்னொன்று சொல்லவேண்டும். என் மகள், நம் வாயாடி, நான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நீ ஊருக்குக் கிளம்பிய மறுவாரமே அச்சகத்தில் லீவு போட்டுவிட்டு, எனக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். "மாமாவுக்கு முடியலைன்னா நான் இருக்கேன். இதுல நீ பேசறதுக்கு ஒண்ணுமில்லம்மா" என்கிறாள். இருபத்திரண்டு வயதுக்காரி. இன்னும் வாழ ஆரம்பிக்கவே இல்லை. இப்போது எங்கள் ஃபிரிட்ஜில் அவளுடைய கேன் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

நீ எதுவும் செய்யவேண்டாம். பால் குடி, போதும்.

அக்கா

&nbsp;

மார்ச் 19

அக்கா,

வாயாடியின் விஷயத்தைப் படித்த அன்று வேலையில் லிஃப்ட் கதவின் பூட்டைத் தப்பாக மாட்டிவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்து நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். சொல்லாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை. அன்றைக்கு டாக்டர் முடியாது என்று சொன்னாரே, நீ மருந்து வாங்க வரிசையில் நின்றாயே, அப்போது நான் மாடிப்படிக்குப் போனேன். அழப் போனேன் என்றுதானே நினைத்தாய்? அக்கா, நான் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கால் இரண்டும் இறகு மாதிரி ஆகிவிட்டது. கீழே போய் ஒரு டீ வாங்கிக் குடித்தேன், அப்படி ருசியான டீயை என் ஜென்மத்தில் குடித்ததில்லை. அப்புறம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் வந்து நின்றேன். நீ என் முதுகைத் தடவி, "விடுடா, உன் தப்பா?" என்றாய்.

பெண்டாட்டி இங்கே நிம்மதிப் பெருமூச்சு விட்டபோது அவளிடம் கத்தினேன். "உனக்கு நல்லாப் போச்சுல்ல!" என்று. பாவம், அவள் வெளியே விட்டதை நான் உள்ளேயே விட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அந்தப் பெண் போய்ப் படுக்கப்போகிறாள். நான் அவளுடைய தாய்மாமன். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன். அவள் வயிற்றைக் கிழிப்பதைத் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவா நான்? அதனால் டாக்டர் சொன்ன அந்த இன்னொரு சோதனையைச் செய்துகொள்ளப் போகிறேன். இங்கேயே ஒரு லேபில் கேட்டுவிட்டேன். சாப்பாட்டால்கூட அளவு மாறும் என்று அங்கே இருந்தவர் சொன்னார். முதல் சோதனை எடுத்த வாரத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் உன் கைச்சாப்பாடுதான். ஒன்று சொன்னால் வருத்தப்படாதே. அந்த வாரம் நீ சமைத்தது எல்லாமே உப்பு. எனக்கு வாயே எரிந்தது. பாலும் ஏதோ மாவு கரைத்த மாதிரி இருந்தது. பத்தியச் சாப்பாடு சாப்பிட்டு உனக்கு நாக்கு செத்துப்போய்விட்டது போலிருக்கிறது, ருசி பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். சொன்னால் மனசு உடைந்துவிடுவாயே என்று ஒன்றும் பேசாமல் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதைத்தான் லேபில் சொல்லட்டுமா? உன்னைக் குறை சொன்ன மாதிரி ஆகுமா?

தம்பி

&nbsp;

மார்ச் 25

தம்பி,

நீ இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாயே, அப்போது உனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். நீ என் மனசுக்காகச் சாப்பிட்டிருக்கிறாய். ஐயோ, இதை நான் எங்கே போய் வைத்துக்கொள்வேன்.

என் நாக்கு சாகவில்லை. தெரிந்துதான் போட்டேன்.

டயட்டீஷியன் பெண் கல் வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பாள். உப்பைக் குறையுங்கள், உப்பு வெளியே போகும்போது கால்சியத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் என்று. பக்கத்துப் படுக்கையில் கிடந்து கேட்டிருக்கிறேன். நான் தையல்காரி, எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற புத்தி. உப்பைக் கூட்டினால்? என்னிடம்தான் டப்பா டப்பாவாக மாத்திரை இருக்கிறதே. அம்மியில் வைத்துப் பொடித்தேன். நீ எழுந்ததும் குடிக்கிற பாலில், சாயங்காலம் குடிக்கிற பாலில். சாப்பாட்டில் உப்பை அள்ளிக் கொட்டினேன். மச்சானுக்கும் வாயாடிக்கும் தனியாகச் சமைத்தேன். நீ அந்த கேனைக் கொண்டுவந்து கொடுத்தபோது நான் கூச்சமே படவில்லை என்று எழுதியிருக்கிறாய். கூசியதெல்லாம் வேறு இடத்தில்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். நீ வந்த அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாய். பேனாவை மூன்று தரம் கீழே போட்டாய். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வாந்தி எடுத்தாய். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்தாய். தினமும் லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்குகிறவன், இந்தக் கத்திக்கு இப்படிப் பயப்படுகிறான். ஆனால் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அக்காவிடம் முடியாது என்று சொல்லிவிட்டு உயிரோடு இருக்கிற வெட்கம் அவனுக்கு வேண்டாம். அவன் உடம்பே சொல்லிவிடட்டும், அப்போது யார் மேலும் தப்பில்லை என்று நினைத்தேன். பெரிய தியாகி மாதிரி இருந்தேன், தெரியுமா? பொடிக்கும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

நீ ஒரு மாதிரி நிம்மதியாக ஊருக்குப் போனாய். நானும் நிம்மதியாக இருந்தேன். அடுத்த வாரமே என் மகள் போய் நின்றாள். தம்பியைக் காப்பாற்றப்போய்ப் பெற்ற பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேனடா. இது எனக்குத் தோன்றவே இல்லை. அவளைத் தொடக்கூடாது என்று நான் சொன்னால் அவள் கேட்பாள் என்று நினைத்தேன். எந்த வயதுப் பெண் அம்மா பேச்சைக் கேட்டிருக்கிறாள்?

அவளுடைய எல்லாச் சோதனையும் நன்றாக வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் நாள் குறிக்கப்போகிறார்கள். அவள் சந்தோஷமாக இருக்கிறாள். "பாரு, என் மூத்திரம் டிஸ்டிங்ஷன்" என்கிறாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருக்கிறது.

உனக்கு ஒரு கோளாறும் இல்லை. உன் பிள்ளைகளுக்கும் இல்லை. இதைத் தெரியப்படுத்தத்தான் எழுதுகிறேன். நீ வா என்று எழுத எனக்கு வாயில்லை. வராதே என்று எழுதினால் அவளைப் படுக்கவைக்கிறேன் என்று அர்த்தம், அதற்கும் வாயில்லை.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் குத்தினேன். கை வீங்கிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

வரிசையாகக் கோபம் வருகிறது, எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பால் இல்லாமல் செய்தேன். நான் ஒரு ஓட்டைப் பாத்திரம் என்று நினைத்து இடுப்பு வலித்தால்கூடக் கல் என்று பயந்து செத்தேன். போகட்டும். என்னை அறியாமல் என் உடம்புக்குள் நீ கையை விட்டிருக்கிறாய். ஊரில் யாராவது இதைச் செய்திருந்தால் அவர்களை நீ சும்மா விட்டிருப்பாயா?

ஆனால் உண்மையாகக் கோபம் அதில் இல்லை. இவன் பயந்தாங்கொள்ளி, இவனால் ஆகாது என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். என்னைக் கேட்கவில்லை. அதைவிடக் கேவலம், நீ எழுதிய தீர்ப்பு சரியாக இருந்தது. மாடிப்படியில் சிரித்தேனே. அதனால் உன்னைத் திட்டக்கூட எனக்கு முழு வாய் இல்லை.

யோசித்துப் பார்த்தேன். மச்சான் போனில், "கொஞ்சம் மனசு வைங்க மாப்ள" என்றார். டாக்டர் கேட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு மேடம் மூன்று மொழியில் அச்சடித்த காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டார். நீ கேட்டதே இல்லை. ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் வந்து நின்றபோது "வந்துட்டியா, சாப்டியா?" என்றாய். கேட்டிருந்தால் நான் பயமாக இருக்கிறது என்றாவது சொல்லியிருப்பேன். நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை, நடுவில் உப்பு போய் உட்கார்ந்துகொண்டது.

சோதனை எடுத்துவிட்டேன். கேனை வேலை நடக்கும் கட்டடத்துக்கே கொண்டுபோனேன், ஒளிக்கவில்லை. பசங்கள் கேட்டார்கள், சொன்னேன். ஒருத்தன் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டான், மற்றவர்கள் அவனைத் திட்டினார்கள். ரிசல்ட் நேற்று வந்தது. கால்சியம் அளவோடு இருக்கிறது. மெக்னீசியமும் அளவோடு இருக்கிறது. லேப்காரர், "நல்ல கிட்னி சார், எதை வெச்சுக்கணும் எதை விடணும்னு தெரிஞ்ச கிட்னி" என்றார். எனக்குத்தான் தெரியவில்லை.

பத்தாம் தேதி அங்கே வருகிறேன். அதற்கு முன்னால் வாயாடியிடம் நீ உன் வாயால் சொல்லியிருக்க வேண்டும். டாக்டரிடமும். நான் காப்பாற்றிப் பேசமாட்டேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்பாராம். அப்போது என்ன சொல்வேன் என்று சத்தியமாக எனக்கே தெரியாது. பயம் அப்படியேதான் இருக்கிறது. முடியாது என்றால் முடியாது என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அந்த வெட்கத்தை நான் பட்டுக்கொள்கிறேன், நீ எனக்காகப் படவேண்டாம்.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 6

தம்பி,

சொல்லிவிட்டேன். இரண்டு பேரிடமும்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்றார். ஒரு வாரம்தான் கொடுத்தேன் என்றேன். "அதை எடை போட நீங்க யாரும்மா?" என்றார். அறைக்கு வெளியே இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். இனிமேல் நீ இங்கே இருக்கிற நாட்களில் ஆஸ்பத்திரி விடுதியில்தான் தங்கவேண்டுமாம், என் வீட்டுப் பக்கமே விடமாட்டார்களாம். சரியென்று தலையாட்டினேன். வாயாடியின் தேதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அவள் என்னோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் அப்பா மூலமாகக் கேட்கிறாள். "அப்பா, அவங்க மாத்திரை சாப்பிட்டாச்சான்னு கேளுங்க." மச்சான் என்னைப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்பார். நான் "சாப்பிட்டாச்சு" என்பேன். "சாப்பிட்டாச்சாம்மா" என்று அவளிடம் சொல்வார். மூன்று பேரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நேற்று மட்டும் எழுந்து போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் கொடுத்தா வேணாம், மாமா கொடுத்தாலும் வேணாம். அப்ப உனக்கு என்னதான்மா வேணும்?" என்று கேட்டாள்.

ராத்திரியெல்லாம் அதே கேள்விதான். அவள் வாயாடி இல்லை, என் வாயைத் திறக்க வந்தவள். நீயும் அதைத்தான் எழுதியிருக்கிறாய், நான் கேட்டதே இல்லை என்று. உண்மைதான். அப்பா போனபிறகு உன்னை வளர்த்தவள் நான், கொடுத்தே பழகியவள். வாடிக்கைக்காரர்களிடம்கூடக் கூலியை வாய் திறந்து கேட்கமாட்டேன், அவர்களாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்வேன். உன்னிடம் போய் உன் உடம்பில் ஒரு பங்கைக் கொடு என்று எப்படிக் கேட்பேன்? அதனால் எனக்கு வேண்டாம் என்கிற மாதிரி நடந்துகொண்டேன். "நான் வாழ்ந்து முடிச்சவ, போனா என்ன" என்று நர்ஸிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன். உன் பயத்தைப் பார்த்ததும் நல்ல சாக்கு கிடைத்துவிட்டது. உனக்காகச் செய்தேன் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அதில் பாதிதான் நிஜம். மீதி, நீ முடியாது என்று சொல்லி நான் கேட்கவேண்டி வந்துவிடுமோ என்று என் உயிருக்கு நான் பயந்ததுதான்.

நான் வாழ்ந்து முடிக்கவில்லை. நாற்பத்தேழு வயதுதான் ஆகிறது. தாகம் எடுத்தால் ஒரு சொம்புத் தண்ணீரை அளக்காமல் குடிக்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. நாள் முழுக்க மெஷினை மிதிக்கவேண்டும், தையல் மெஷினைச் சொல்கிறேன். செத்துப்போக எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. இதைச் சொல்லத்தான் இத்தனை காலம் வெட்கப்பட்டிருக்கிறேன், மற்றதெல்லாம் அதன்மேல் போட்ட துணி.

நீ பத்தாம் தேதி வரும்போது இது உன் கையில் இருக்கவேண்டும் என்று இன்றைக்கே தபாலில் போடுகிறேன். பயமாக இருந்தால் முடியாது என்று சொல்லு, நான் நேராகப் பார்த்துக் கேட்டுக்கொள்வேன், உன் அக்காவாகவே இருப்பேன். ஆனால் நான் கேட்காமல் நீ பதில் சொல்லக்கூடாது.

உன் கிட்னியில் ஒன்று எனக்கு வேண்டும்டா. தருவாயா?

அக்கா